நாற்பத்தேழாம் பாகம்

டிவியில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்க வழியே இல்லை. முதல் பாகத்திலிருந்து ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறவள் நான். அவள் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது வரை எனக்கு அத்துப்படி.

நாடகத்தின் ஒவ்வொரு பாகமும் தொடங்கும் முன்னால், முந்தின ஓரிரு பாகங்களிலிருந்து நாலைந்து துண்டுகளை அரை நிமிஷம் ஓட்டிக் காட்டுவார்கள். நேற்று நான் பார்த்த நாற்பத்தாறாம் பாகம், மருமகளும் மாமியாரும் ஒரு சாவிக்கொத்துக்காக மாடிப்படியில் முறைத்துக்கொண்டு நிற்பதோடு முடிந்தது. இன்றைக்கு நாற்பத்தேழைப் போட்டால், அந்த அரை நிமிஷத்தில் சாவிக்கொத்தும் இல்லை, மாடிப்படியும் இல்லை. நீளமான நடைவழி. ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அடுத்த துண்டில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிச் சிரிக்கிறாள். அவ்வளவுதான், பாட்டு வந்துவிட்டது.

முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள் நான். பதினாறு பதினாறு பக்கமாக மடித்து வருவதைப் பாரம் என்போம். பாரங்களை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ள சின்னக் கறுப்புக் கோடு ஒன்றுக்கொன்று சற்றே இறங்கி, படிக்கட்டு மாதிரித் தெரியும். ஒரு பாரம் விட்டுப்போயிருந்தால் ஒரு படி இருக்காது. பக்க எண்ணைப் புரட்டவே வேண்டாம். முதுகைப் பார்த்ததுமே அந்தப் புத்தகத்தை எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் கண் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில் ஒரு படி காணவில்லை.

இந்த நாடகம் எங்கள் வீட்டுக்கு வருகிற வழியைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். முன்பு கேபிள் இருந்தது. அதில் ஆட்கள் எல்லாரும் கழுநீரில் நீந்துகிற மாதிரி இருப்பார்கள். எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோது, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற என் மருமகள், கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு கலங்கல் படம் பார்ப்பதா என்று கேபிளை வெட்டிவிட்டாள். டிஷ் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். சுவரில் ஓட்டை போடக் கூடாதாம். லிஃப்ட் மெக்கானிக்கான என் மகன் ஜன்னலில் ஒரு ஆண்டெனாவைக் கட்டி மூன்று நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்துக் கட்டடம் மறைத்துக்கொண்டு, வானிலைச் செய்தி வாசிக்கிறவரின் வலது காது மட்டும் தெளிவாக வந்தது. கடைசியில் மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். அவள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் ஒருவர் எல்லா நாடகத்தையும் இணையத்திலிருந்து ஹெச்.டி.யில் இறக்கிவைப்பார். கடையில் எல்லாருமே அவரிடம்தான் காப்பி எடுத்துக்கொள்வார்கள். இவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பென் டிரைவில் ஏற்றி, காப்பி ஒழுங்காக வந்திருக்கிறதா என்று கடைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கொண்டுவந்து டிவியின் முதுகில் செருகிவிடுவாள். எண் போட்டு வரிசையாக இருக்கும். படம் எப்படி என்கிறீர்கள்? நடிகையின் கம்மலில் கல் ஒன்று விழுந்திருந்தால் அதுகூடத் தெரியும்.

அப்படியானால், காணாமல்போன பாகத்தையும் அவள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அதை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறாள்.

அவள் சமையலறையில் இருந்தாள். நான் பின்னால் ஓட்டி, அழுகிற இடத்தில் நிறுத்தினேன். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு கதவு, கதவின் மேல் ஒரு பலகை. ஓடுகிற படத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். நிறுத்தினால், எழுத்தின் ஓரம்கூடச் சிதையாமல் நிற்கிறது. 'புற்றுநோய்ப் பிரிவு.'

"தொங்கிடுச்சா அத்தை?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வந்த வேகத்தில் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, அந்த இடத்தைத் தாண்டி ஓட விட்டாள். எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. அழுகிறவள் மருமகள். ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறவள் மாமியார். அப்படியென்றால் நோய் யாருக்கு? சிரிக்கிறவளுக்குத்தானே.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் எனக்கு வயிற்று வலி என்று மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து வாங்குகிறேன் என்று போன மருமகள், கூட்டம் அதிகம் என்று ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். நாலு நாள் பொறுத்து மகன் போய் ரிப்போர்ட் வாங்கி வந்தான். பைக்குள் இரண்டு பழுப்புக் கவர்கள் இருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் காட்டியது ஒன்று. பித்தப்பையில் மணல் மாதிரி கொஞ்சம் இருக்கிறதாம், மாத்திரையில் சரியாகுமாம். இன்னொரு கவர் எங்கே போயிற்று என்று அன்றைக்கே உறுத்தியது. துணி அலமாரியின் மேல்தட்டில், அவர்கள் போர்வைக்கு அடியில் அதன் மூலை தெரிந்தது. அலமாரிக்கு அதுவரை யாரும் சாவி போட்டதில்லை. அன்றிலிருந்து சாவி மருமகளின் கைப்பையில்.

இப்போது எல்லாம் சேர்ந்துகொண்டது. காட்டுவதற்கு ஒரு ரிப்போர்ட், மறைப்பதற்கு ஒரு ரிப்போர்ட். நான் சமையலறைக்குள் போனால் இருவர் பேச்சும் நின்றுவிடுவது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அன்று ராத்திரியே மகனை நேரடியாகக் கேட்டுப் பார்த்தேன், டாக்டர் வேறேதாவது சொன்னாரா என்று. பொய் சொல்ல வேண்டி வந்தால் அவன் லிஃப்டுக்குள் புகுந்துகொள்வான். சின்ன வயதில் வீட்டுப்பாடத்துக்குள் புகுந்த மாதிரி. எட்டாவது மாடியில் கதவு மூடாமல் நின்ற கதையைக் கால் மணி நேரம் சொன்னான்.

மருமகள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். முன்பெல்லாம் நாடகம் பார்க்கும்போது என் தோளில் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பாள். இப்போது சோபாவின் மறுகோடியில் தலையணை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு உட்காருகிறாள். சாகப்போகிறவள் பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். வேலையிலும் சுணக்கம். துணி காயப்போடுவதுகூட இடதுகையால். கேட்டால், கடையில் பெட்டி தூக்கினதில் பிடிப்பு என்கிறாள். நோயாளிக்குச் செய்வதற்கு இப்போதே சலித்துவிட்டது என்று அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்று சாயங்காலம் அவள் போட்டுக்கொடுத்த டீயில்கூடச் சர்க்கரை குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எனக்கு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். அறுபத்தாறு வயதில் செத்துப்போவது பெரிய விஷயமில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் தெரிந்துவைத்திருக்க, நான் மட்டும் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதுதான் சகிக்கவில்லை. அலமாரியை உடைக்க முடியாது. எடுத்துவிட்ட பாகத்தைப் பார்க்கலாமே. அதில் அந்த மாமியாருக்கு என்ன சொல்கிறார்களோ அதுதான் எனக்கும்.

கீழ்வீட்டுக்காரியிடம் டிஷ் இருக்கிறது. வீட்டுக்காரரின் தங்கை என்பதால் அவள் சுவரில் மட்டும் ஓட்டை போடலாம். கட்டடத்தில் அவளுக்கு 'மைக்செட்' என்று பெயர். அவள் காதில் காலையில் போட்டது மத்தியானத்துக்குள் மொட்டை மாடி வரை கேட்டுவிடும். அதனாலேயே நான் அந்தப் பக்கம் போவதில்லை. மறுநாள் இருவரும் வேலைக்குப் போன பிறகு படி இறங்கினேன்.

"அடேயப்பா, ஹெச்.டி. வீட்டுக்காரங்க. எங்க வீட்டு டிவி உங்க கண்ணுக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

எங்கள் பென் டிரைவில் ஒரு பாகம் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவளுடைய டிஷ் பெட்டியில் பதிவுசெய்துவைத்த பாகங்கள், பார்த்தது, பார்க்காதது எல்லாம் அழிக்காமல் கிடந்தன. பட்டியலைத் திறந்தாள். நான் நேற்று நாற்பத்தேழு என்று பார்த்தது அங்கே நாற்பத்தெட்டாக இருந்தது. நாற்பத்தேழு வேறு. எடுத்தது மட்டுமல்ல, நான் கண்டுபிடிக்காமல் இருக்க எண்ணையும் மாற்றி எழுதியிருக்கிறாள். அச்சகத்தில்கூட இந்தத் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை.

படம் ஓடியது. சாவிக்கொத்துச் சண்டை முடிந்தது. மருமகள் தனியாக ஆட்டோவில் போகிறாள். டாக்டர் அறை. மேஜையில் பழுப்புக் கவர். மைக்செட் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், அந்த டாக்டராக வருகிறவர் வேறொரு நாடகத்தில் கொலைகாரன் என்று. நான் மாமியார் பெயர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. டாக்டர் மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார். அவளுக்குத்தான். மார்பில் கட்டி. அவள் முதலில் கேட்டது, "எங்க அத்தைக்குத் தெரியாம பண்ண முடியுமா டாக்டர்?" என்று.

அப்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சொல்லத்தான் வேண்டும். மூச்சு இறங்கியது. தோள் லேசாயிற்று. அப்பாடா, எனக்கு இல்லை. ஒரு வாய் டீ குடித்து விழுங்குகிற நேரம் இருக்கும், நான் சந்தோஷமாக இருந்தேன். மைக்செட் கொடுத்த பிஸ்கட்டைக்கூடக் கடித்தேன்.

"பாவம்க்கா," என்றாள் அவள். "வீட்டுல மாமியார்னு ஒரு மனுஷி நாள் பூரா கூடவே உக்காந்திருக்கா. இது தெரியலையே அவளுக்கு."

பிஸ்கட் வாயிலேயே நின்றது. மருந்து வாங்கப் போய் ஒரு மணி நேரம். இரண்டு கவர். இடதுகை. மார்போடு அணைத்த தலையணை. என் தோளில் சாயாமல் தள்ளி உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் பார்த்தேன், ஒன்று விடாமல் பார்த்தேன். எடுத்து எல்லாவற்றையும் என் புத்தகத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். கண்ணுக்குப் புரை எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது.

ஏன்க்கா முகம் ஒரு மாதிரி இருக்கு, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று மைக்செட் கேட்டாள். அவள் கண் என் முகத்தை மேய்ந்தது. நாடகம் பார்த்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான் என்றேன். பொய் சொல்லுவதற்கு எனக்கு லிஃப்ட் தேவைப்படவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மருமகள் வந்தாள். மகனும் அன்று சீக்கிரம் வந்துவிட்டான். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகம் கழுவிவிட்டு வந்து பென் டிரைவைச் செருகினாள். நாற்பத்தெட்டு என்று இருந்தது, என்ன எண்ணோ. சோபாவின் மறுகோடிக்குப் போய்த் தலையணையை எடுத்துக்கொண்டாள். கழுத்தில் ஈரம் காயாமல் முடி ஒட்டியிருந்தது. முப்பத்து நாலு வயது. இவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

முந்தின கதை ஓடியது. அதில் மறுபடியும் அந்த நடைவழி, அந்தப் பெஞ்சு. நேற்றோடு அது தீர்ந்தது என்று அவள் நினைத்திருப்பாள். பாகத்தை எடுக்கத் தெரிந்தவளுக்கு, அடுத்தடுத்த பாகத்தின் தலையில் அது ஒட்டிக்கொண்டு வரும் என்பது தெரியவில்லை. ரிமோட்டுக்காக அவள் கை நீண்டது. ரிமோட் என் மடியில் இருந்தது. நான் படத்தை நிறுத்தினேன்.

"அலமாரில இருக்கற அந்த இன்னொரு கவர எடுத்துட்டு வா," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உங்களோடது இல்ல அத்தை," என்றாள், மெதுவாக.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

சமையலறையில் குழாய் நின்றது. பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றது. அவள் எழுந்தாள். கைப்பையில் சாவியைத் தேடினாள். தேடத் தேடச் சில்லறையும் சீப்பும்தான் கையில் வந்தன. பிறகு உள்ளே போனாள். சாவி துவாரத்தில் ஒரு தரம் தவறி, மறுதரம் நுழைகிற ஓசை கேட்டது.

நான் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து, என் வலது தோள் பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தேன். எதிரே படம் அசையாமல் நின்றது. பெஞ்சில் அழுகிற பெண், வாயைப் பொத்திய விரல்கள், கன்னத்து ஈரத்தில் ஒட்டிய ஒற்றை முடி. அதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. உள்ளே அலமாரிக் கதவு திறந்தது. போர்வையைத் தூக்குகிற சத்தம்.