பொட்டு வைத்த நண்டுகள்

நாற்பது நண்டுகளுக்குப் பொட்டு வைத்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 1982 மே மாதம், எங்கள் கல்லூரி நடத்திய கோடைக் களப்பயிற்சியில் என் தலையில் விழுந்த வேலை அது. உழவர்கரைக்கு அப்பால் ஓர் ஏரி. அதில் எத்தனை நண்டு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வரிசையில் வந்து நில் என்றால் நண்டு கேட்குமா? அதற்கு ஒரு வழி உண்டு. முதல் நாள் கொஞ்சம் பிடித்து, முதுகில் அடையாளம் வைத்துத் திரும்ப விட வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி பிடித்து, அதில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்த்தால் மொத்தத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அடையாளத்துக்கு என் தங்கையின் சிவப்பு நகப்பாலிஷ்.

இந்தப் பயிற்சிக்கு வருவதற்கே மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா ராமலிங்கம் மில் தொழிலாளி. நல்ல மனிதர்தான், பிடிவாதத்தில் மட்டும் எனக்கே அப்பன். "இதோட படிப்பு முடிஞ்சிது செல்வாம்பா. ஆவணியில கல்யாணம். தட்டாஞ்சாவடி பட்டறக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். ஊரெல்லாம் என்னை வாயாடி என்பார்கள். அப்பா எதிரில் மட்டும் அந்த ஆசையைச் சொல்ல வாய் வரவில்லை. கணக்குச் சரியாக வந்தால் சென்னைக் கல்லூரிக்குக் கடிதம் எழுதித் தருவதாகப் பேராசிரியர் தேவதாஸ் சொல்லியிருந்தார்.

முதல் நாள் நாங்களே பிடித்தோம். ஆளுக்கு இரண்டு விரலில் கட்டு. அதனால் மூன்றாம் நாளுக்கு, ஏரிக்கரையில் நண்டு பிடித்து விற்கும் கன்னியம்மாளை ஏற்பாடு செய்தார் பேராசிரியர். நாங்கள் லாஸ்பேட்டையில் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் அவள் பிடித்தே முடித்திருந்தாள்.

கூடையில் நாற்பத்தெட்டு நண்டுகள். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. புரட்டிப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன். ம்ஹூம்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தார் தேவதாஸ். "பூஜ்யத்த வெச்சி என்னம்மா கணக்குப் போடறது? நான் என்னன்னு லெட்டர் எழுதறது?"

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். கன்னியம்மாள் மேல் பாய்ந்தேன். "பொட்டு வெச்சது ஒண்ணுகூடவா ஆப்புடல?"

"ஏன் ஆப்புடாம? பன்னெண்டு ஆப்புட்டுது."

"எங்க அது?"

"நல்லா கேட்ட போ! சாமிக்கு நேந்து வுட்டதக் கொழம்புக்கா தூக்கியாருவாங்க? ஆடு கோழிக்குப் பொட்டு வெச்சி வுடுவாங்க. எந்தப் புண்ணியவதியோ நண்டுக்கு வெச்சிருக்கான்னு அய்யனாரு கோயில்ல வெச்சிட்டு வந்தன்."

ஓடினோம். கோவில் வாசலில் ஒரு மண்பானை, அதன் கழுத்தில் சாமந்தி மாலை, முன்னால் கற்பூரம், சுற்றிலும் பத்துப் பெண்கள். தேவதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து எண்ணினார்.

"பன்னெண்டேதான்! மொத்தம் அறுபதுல பன்னெண்டு, அஞ்சுல ஒண்ணு. பொட்டு வெச்சது நாப்பது. அப்ப ஏரியில இருநூறு. லெட்டர் எழுதிடறேம்மா."

எழுதி என்ன? அதை அப்பாவிடம் யார் நீட்டுவது? நினைத்து முடிப்பதற்குள் அப்பாவே வந்து நின்றார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் கரையில் என்னைக் காணாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தேடி வந்திருக்கிறார்.

"இன்னா கூட்டம்?"

"ஒம் பொண்ணா இது? நண்டு நேந்து வுட்டிருக்குது" என்றாள் கன்னியம்மாள். என் பக்கம் திரும்பினாள். "இன்னா வேண்டுதல் தாயி? சொல்லு."

தேவதாஸ் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய வெறுங்காலை நன்றாக மிதித்தேன். வாய் மூடிக்கொண்டது.

"எம்.எஸ்ஸி. படிக்கணும்னு" என்றேன். அது பொய்யில்லை. ஒவ்வொரு நண்டுக்கும் பொட்டு வைத்தபோது நான் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

அப்பா பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி காரியம். பட்டறக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறன்" என்றார். சாப்பாட்டுத் தூக்கை என் கையில் கொடுத்தவர் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, நண்டுங்ககிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லக் கூடாதா?"