பட்டு வேட்டிக்குள் ஒரு நாணயம்

பட்டு வேட்டியை உதறியபோது மடிப்புக்குள் இருந்து ஏதோ நழுவி விழுந்து, கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. இரவிச்சந்திரன் முழங்காலில் நின்று கையை விட்டுத் துழாவி எடுத்தார். சின்னப் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு நாணயம். அதில் கப்பல் ஒன்று, 1543, 1993 என்று இரண்டு ஆண்டுகள், போர்த்துக்கலின் பெயர்.

எழும்ப மனமில்லாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

கூடத்தில் அண்ணி ஜெகதீஸ்வரி யாருக்கோ இறுதிச்சடங்கு நடக்கும் மலர்ச்சாலைக்கு வரும் வழியைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பேரின்பநாதன் செத்து மூன்று நாளாகிவிட்டது. பதினொரு மணிக்குள் அவருக்கு உடுத்தும் பட்டு வேட்டியைக் கொண்டுவந்து தரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணிக்கு உடலைப் பார்வைக்கு வைப்பார்கள், மூன்று மணிக்குக் கிரியை. அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் தனுஷாதான். ஆகவே கொள்ளிக்குரியவர் இரவிச்சந்திரன். அதற்காகக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

இந்த நாணயத்தை அவர் முன்பு ஒரே ஒரு தடவை, ஒரு புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தார். அது 1999ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில்.

செயின்ட் லோரன் தெருவில் மெடெய்ரோஸ் என்ற போர்த்துக்கீசக் கிழவர் பழைய நாணயக் கடை வைத்திருந்தார். அண்ணன் கனடாவுக்கு வந்த புதிதில், தெரிந்தவர் மூலம் இரவிச்சந்திரன்தான் அங்கே வேலை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, பார்சல் கட்டுவது, தபாலுக்குக் கொண்டுபோவது. அண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது, இங்கிலீசும் கொஞ்சம்தான். ஆனாலும் கிழவரும் அவரும் எப்படியோ கதைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கடைக் கதைகளை அவிழ்ப்பார். அவருக்கு மிகவும் பிடித்தது ஜப்பான் கதை. புயலில் அகப்பட்ட ஒரு சீனக் கப்பல் தனெகாஷிமா என்ற தீவில் ஒதுங்கியது. அதில் போர்த்துக்கீசர் சிலர் இருந்தார்கள். ஜப்பானியருக்கு அவர்களுடைய பாசை விளங்கவில்லை. கப்பலில் வந்த ஒரு சீனன் தடியால் கடற்கரை மணலில் எழுதிக் காட்ட, ஊர்த் தலைவன் அதை வாசித்துத் தானும் மணலில் பதில் எழுதினான். அது நடந்து நானூற்றைம்பது வருடம் ஆனதற்குத்தான் போர்த்துக்கலில் அந்த நாணயத்தை அடித்தார்கள்.

“எங்கட நல்லூர்க் கோயிலை இடிச்ச அதே பறங்கியள்தான்,” என்று சொல்லி அண்ணன் சிரிப்பார். “அங்க போய் மண்ணில எழுதி மரியாதையாக் கதைச்சிருக்கினம்.”

அந்த நாணயத்தின் வெள்ளிப் பிரதி ஒன்று ஒரு நாள் கடையில் காணாமல் போனது. மெடெய்ரோஸ் கூப்பிட, மொழிபெயர்க்க இரவிச்சந்திரன் போனார். கிழவர் புத்தகத்தில் படத்தைக் காட்டி, மிகவும் சங்கடப்பட்டு, இரண்டு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேள்வியைக் கேட்டார். இரவிச்சந்திரன் அதைத் தமிழில் சொன்னார்.

“இல்லையெண்டு சொல்லு,” என்றார் அண்ணன்.

அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இரவிச்சந்திரன் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தித் தமிழில், “எடுத்திருந்தா இப்பவே குடுத்திடுங்கோ அண்ணை, நான் சமாளிப்பன்,” என்றார்.

அண்ணன் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் வேலை தேடிக்கொண்டார். அதற்குப் பிறகும் பிறந்தநாளுக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார், புரோசார்ட்டில் தம்பி வீடு வாங்கியபோது நிலைக்கு மாவிலை கட்டிவிட்டதே அவர்தான். ஏழு வருடத்தில் அந்தப் பேச்சு மட்டும் வாயில் வரவில்லை. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் இரவிச்சந்திரன் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தபோது அண்ணன் முந்திக்கொண்டார். “காரை எங்க விட்டனி? இங்க டிக்கெட் அடிச்சுப்போடுவாங்கள்.” பின்னேரம் மூச்சு நின்றது.

இப்போது அந்த நாணயம் உள்ளங்கையில் கிடந்தது.

எடுத்தவர்தானா? இவ்வளவு காலமும், அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேனோ என்பதுதான் அவர் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தேகமே சரியென்று ஆகும் நாள் இதைவிடக் கொடுமையாக இருக்குமென்று நினைத்திருக்கவில்லை. பேசாமல் வேட்டி இருந்த பெட்டிக்குள் திரும்ப வைக்கலாம். ஆற்றில் வீசலாம். ஆனால் இதை இங்கே வைத்துக்கொண்டு அண்ணனின் வாயில் அரிசி போட அவரால் முடியாது. பூமாலை எடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் பொய் சொல்லிவிட்டு, வேட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கடை அப்படியே இருந்தது. மெடெய்ரோஸ்தான் சுருங்கிப்போயிருந்தார். இரவிச்சந்திரன் கண்ணாடி மேசையில் நாணயத்தை வைத்து, அண்ணன் இறந்துவிட்டார், இது அவருடைய சாமானுக்குள் இருந்தது, உங்களுடையதைத் திருப்பித் தர வந்தேன் என்று பிரெஞ்சில் ஒரே மூச்சில் சொன்னார்.

கிழவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு பூதக்கண்ணாடியால் நாணயத்தைப் பார்த்து, திருப்பி இரவிச்சந்திரன் பக்கம் தள்ளினார்.

இது வெள்ளி இல்லை என்றார் அவர். சாதாரண நிக்கல் நாணயம். போர்த்துக்கலில் பஸ்ஸுக்கும் கோப்பிக்கும் கொடுத்தது. வெள்ளி நாணயம் அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே அகப்பட்டுவிட்டது. அவரே ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடித உறையின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு போயிருந்தது, அந்த மனிதர் தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார். வெட்கம் தாங்காமல் ஒரு பெட்டி சொக்லேற்றோடு கோட்-டே-நேஜில் அண்ணன் இருந்த வீட்டுக்குத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாராம். அடுத்த கிழமை பேரின்பநாதன் கடைக்கு வந்தார். வெள்ளி நாணயத்தை அன்பளிப்பாகத் தருகிறேன் என்று கிழவர் நீட்ட, அவர் தலையை ஆட்டிவிட்டார். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்றதற்கும் தலையாட்டல்தான். கதவடியில் மலிவு நாணயங்கள் கிடந்த தட்டில் தேடி, இதை எடுத்து, காசை மேசையில் வைத்துவிட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

“உங்களுக்குப் போன் எடுத்து நான் விளக்கம் சொல்லவா என்று கேட்டேன்,” என்றார் மெடெய்ரோஸ். “தேவையில்லை என்றார். ‘என் தம்பிக்குத் தெரியும்’ என்றார். இங்கிலீசில், மிகத் தெளிவாகச் சொன்னார்.” பிறகு நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குத் தெரியும்தானே?”

“இல்லை,” என்றார் இரவிச்சந்திரன். “இப்பதான் தெரியும்.”

கிழவர் நாணயத்தை உறையோடு ஒரு கடதாசியில் சுற்றி அவர் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

வெளியே மாசி மாதக் குளிர் முகத்தில் அறைந்தது. இரவிச்சந்திரனுக்கு அது உறைக்கவில்லை. அண்ணன் எடுக்கவில்லை. அதை மனதுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் கால்கள் இலேசாகின. அழுகை வரும் என்று நினைத்தார். வந்தது பசி, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத பசி. பக்கத்துப் போர்த்துக்கீச பேக்கரியில் முட்டைக் கூழ் வைத்த கேக்குகளை இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். கொள்ளி வைக்கிறவன் சாப்பிடக்கூடாது என்பது நினைவிருந்தும், பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று, சூடு நாக்கைச் சுட இரண்டைத் தின்றார். கோட்டில் விழுந்த துகளைத் தட்டிவிட்டுக் காருக்கு நடந்தார்.

மலர்ச்சாலைக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போனார். வாசலில் நின்ற தனுஷா வேட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அண்ணி முன்வரிசைக் கதிரையில் தனியே இருந்தார். இரவிச்சந்திரன் பக்கத்தில் அமர்ந்து, கடதாசியைப் பிரித்துக் காட்டி, எங்கே போய்வந்தார் என்பதைச் சொன்னார். தான் அன்று தமிழில் சொன்ன அந்த ஒரு வசனத்தையும், ஏழு வருடத்தில் முதல்முறையாக, இன்னொருவருக்குச் சொன்னார்.

ஜெகதீஸ்வரி நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த வசனம் அவருக்குப் புதினமாக இருந்ததாகத் தெரியவில்லை.

“அந்தக் கிழவர் சொக்லேற்றும் கொண்டு வந்தவர்,” என்றார். “பாதியை உங்கட வீட்டை குடுத்துவிட்டனாங்கள். நல்லாயிருக்கெண்டு நீங்கள்தான் கூடத் திண்டனீங்கள்.”

“அப்ப ஏன் அண்ணி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை. ‘சொன்னா அவன் அதையே நினைச்சு நித்திரை கொள்ள மாட்டான், விடு’ எண்டார்.” நாணயத்தைத் திருப்பி அவர் உள்ளங்கையில் வைத்தார். “ஒரு கிழமை கோவமா இருந்தவர்தான். ஒரு கிழமைதான் தம்பி.”

பெட்டியைத் திறந்தார்கள். அண்ணன் பட்டு வேட்டியில் யாருடைய கலியாணத்துக்கோ புறப்பட்டவர்போலக் கிடந்தார். நாணயத்தை இரவிச்சந்திரன் தனுஷாவிடம் கொடுத்து, “கொப்பா விரும்பி வாங்கினது, வைச்சிரு,” என்றார். அவள் அதைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு சனம் வரத் தொடங்கியது. ஐயர் வந்தார், தேவாரம் பாடினார்கள், சடங்குக்கான சுண்ணப்பொடி இடித்தார்கள். அண்ணன் வாயில் அரிசி போட முடியாது என்று காலையில் நினைத்திருந்தார். போட்டார். தகன அறையில் பொத்தானைக் காட்டியபோதும் தயங்காமல் அமத்தினார்.

எல்லாம் முடிந்து, புரோசார்ட்டில் இரவிச்சந்திரன் வீட்டில் சாப்பாடு. தனுஷா காரை ஓட்டினாள். அண்ணி பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சம்ப்ளேன் பாலத்தில் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கீழே ஆற்றின் நடுவில் மட்டும் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் ஓடியது. வீதியைப் பற்றித் தனுஷா ஏதோ கேட்டாள். அடுத்து வெளியேறும் வழியில் திரும்பச் சொல்ல வேண்டும் என்று இரவிச்சந்திரன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரை வந்து தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. அவள் ரேடியோவை நிற்பாட்டுவது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.