நல்ல சாமான்

ஒக்சிஜன் குழாய் உரசிய இடம் காதுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. அதில் படாமல் ஹெட்போனை மாட்டுவதற்குள் பரிமளத்துக்கு வியர்த்துவிட்டது.

"இறுக்குதாப்பா?"

ராஜலிங்கம் அதை விரலால் தடவிப் பார்த்தார். கண்டி டவுனில் காலமெல்லாம் ஜவுளி விற்ற மனிதர். மூச்சு வாங்கினாலும் சாமானைத் தடவிப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார்.

வார்டு இரைச்சல் தாங்கவில்லை, காதுக்குள் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு கிடந்தால் போதும் என்று அவர்தான் கேட்டார். பஹ்மியின் போன் கடையிலிருந்து இரண்டு எடுத்து வந்திருந்தாள். ஒன்று காதை மெத்தென்று மூடும். சத்தம் சற்று மந்தம். மற்றது கனம், ஆனால் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று நம்பிக் கொடுத்திருந்தான் பஹ்மி.

அவள் வாங்கிவந்த ஒரு பொருளையாவது, போகிற காலத்திலாவது, அப்பா நல்லது என்று சொல்ல வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

கனமானதை நெடுநேரம் கேட்டார். போர்வைமேல் விரல் தாளம் போட்டது.

"காத அமுக்குது. இத தலையில வைக்க மூட்டை தூக்கிற நாட்டாமி ரெண்டு பேர் வேணும்."

மெத்தென்றதை மாட்டினாள். உடனே கையை உயர்த்தினார்.

"இது நல்ல சாமான். பஞ்சு மாதிரி. நீயா பாத்து எடுத்த?"

"ஆமாப்பா."

"ம். நல்ல சாமான்."

அதையே அவர் காதில் விட்டுவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினாள்.

அவள் நீட்டிய பெட்டியை பஹ்மி கையில் வாங்கவில்லை. "அவரு என்ன சென்னாரு அக்கா?"

பெருமையோடுதான் சொன்னாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கட வாப்பாக்கிட்டதான் அவரு மொத்தமா துணி எடுக்கிற. ராஜலிங்கம் மொதலாளி ஒரு துணிய புகழ்ந்தா வாப்பா அத மடிச்சி உள்ள வச்சிருவாரு, அத அவரு எடுக்க மாட்டாரு. திட்டினாத்தான் வாப்பா பில் போடுவாரு." கொஞ்சம் தயங்கினான். "இதக் கொண்டு போங்க அக்கா."

பேராதனை ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில், கெட்டம்பேயில் பஸ் நகரவே இல்லை. பெட்டி மடியில் இருந்தது. கனடாவிலிருந்து தம்பி தனபாலன் அனுப்பும் சட்டைகளை அப்பா ஊரெல்லாம் புகழ்வார். புகழ்ந்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அவள் வாங்கிக் கொடுத்த சாரத்துக்குக் கரை சரியில்லை, சாயம் போகும் என்று ஆயிரம் குறை. கிழிந்து நூலாகும்வரை அதையேதான் கட்டினார்.

வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. சின்ன மேசைமேல், கழற்றி வைத்த ஹெட்போனிலிருந்து நாதஸ்வரம் மெலிதாகக் கசிந்துகொண்டிருந்தது. அவரே கழற்றினாரா, தாதி கழற்றினாளா என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் சாவு வீட்டுக்கு வந்து பந்தலோரக் கதிரையில் இருந்த பஹ்மியிடம், மெத்தென்ற ஹெட்போனைப் பெட்டியோடு நீட்டினாள்.

"இப்ப என்னத்துக்கு அக்கா?"

"நல்ல சாமான் பஹ்மி. வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டான். "மத்தது?"

"அது கனம்," என்றாள் பரிமளம். "காத அமுக்குது. வயரும் கட்டை."

பஹ்மி தலையாட்டினான். அவள் காதுகளைச் சுற்றி, இரவெல்லாம் அழுந்திய தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.