கடைசிப் பத்தடி சிவப்பு

தாப்பா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டக் கோயிலில் முனியாண்டி சிவந்து காட்சி தருகிறார் என்று வாட்சப்பில் வீடியோ வந்தபோது, சுவர்ணாவுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றவில்லை. அடக் கடவுளே, மறுபடியும் அவ்வளவு தூரம் வேன் ஓட்டணுமா என்றுதான் தோன்றியது. ஏனென்றால் அங்கே திருவிழாவுக்கு விளக்குக் கட்டியவளே அவள்தான்.

மதிலைச் சுற்றி நாற்பது மீட்டர் எல்.இ.டி. பட்டை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் பேச்சு. இவ்வளவு நீளத்துக்கு ஒரு முனையில் மட்டும் கரண்டு கொடுத்தால் மறுமுனை வாடிவிடும். முதலில் நீலம் சாகும், அப்புறம் பச்சை, மிஞ்சுவது சிவப்பு. அதற்காகத்தான் கடைசி முனைக்கும் கரண்டு போகத் தனிக் கம்பி இழுத்தாள். அதற்குள் காப்புக் கட்டும் நேரம் வந்துவிட்டது. கட்டியபின் கோயிலில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது, சீக்கிரம் இறங்கும்மா என்று நிர்வாகத்தார் விரட்டினார்கள். ஏணியில் நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது. கடைசி இணைப்பை மட்டும் ஈயம் உருக்கி ஒட்டாமல் வெறுமனே முறுக்கி, டேப் சுற்றிவிட்டு இறங்கிவிட்டாள். பதினெட்டு வருடத் தொழிலில் அப்படிச் செய்ததே இல்லை. அசதி யாரைத்தான் விட்டது?

அந்தக் கடைசிப் பத்தடிதான் முனியாண்டி சன்னதி. தளர்ந்த இணைப்பு சூடேறும், மேலே ஓலைப் பந்தல்.

விளக்கு சிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் வந்து இறங்கியதும் கோயிலுக்கு எதிர்வீட்டு முத்தம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முத்தம்மாவின் மகன் ரூபன், ஜெலாப்பாங்கில் வேலை செய்த எலக்ட்ரானிக் தொழிற்சாலை மூடியதிலிருந்து இரண்டு வருடமாக அறையை விட்டு வராதவன். விளக்கு சிவந்த அன்றுதான் வெளியே வந்தான். மூன்று நாளாகச் சன்னதியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"கைய வச்சிடாதம்மா. வெள்ளையா மாத்துனா எம்புள்ள மறுபடி உள்ள போய்ப் பூட்டிக்குவான்லா."

பேசாமல் திரும்பிப் போய்விடலாம். ஊரே சந்தோஷமாக இருக்கிறது, இவளுக்கும் உடம்பு கெஞ்சுகிறது. ஆனால் பந்தல் பற்றிக்கொண்டால்? முத்தம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டுச் சன்னதிக்கு நடந்தாள். அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவன் பக்கத்தில் குந்தினாள். "தம்பி, இது சாமி இல்லப்பா. நான் முறுக்குன கட்டு சரியில்ல. கரண்டு பத்தாம செவந்துபோச்சு."

"தெரியும்க்கா," என்றான் ரூபன். "ஜன்னல்லருந்து பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. கட்டு சுடுது. அதான் காவலுக்கு உக்காந்திருக்கேன்."

அவன் காலடியில் ஒரு வாளி மணல் இருந்தது. அதில் யாரோ ஊதுபத்தி செருகியிருந்தார்கள்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று சுவர்ணா கேட்டாள்.

"எல்லாரும் கும்புட்டுட்டுக் கும்புட்டுட்டுப் போறாங்க. ஏன் உக்காந்திருக்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலக்கா."