மிதிக்காசு

வெயில் வருவதற்கு முன்பே தண்ணீர் எங்கள் கைக்கு வந்துவிடும். பம்பைப் போட்டதும் குழாய் ஒருமுறை உதறிக்கொண்டு எழும். அதை அமுக்கிப் பிடிக்கிறவன் தோளில் அந்த உதறல் படுக்கப் போகும்வரை நிற்கும். எங்கள் கார் கழுவும் கொட்டகையில் அந்தக் குழாய் நுரை என்கிறவன் வசம். காரின் தலையில் அவன் சோப்பு நுரை ஊற்றுகிற அழகுக்காக வைத்த பெயர். சக்கரம் என்கிறவன் குந்தியபடியே நகர்ந்து டயர் டயராகத் தேய்ப்பான். அவன் எழுந்து நின்றால் முழங்காலில் பழைய கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கடைசி ஆள் நான். ஈரம் காய்ந்து கறையாகும் முன் துணியால் துடைத்து, கண்ணாடியில் ஒரு கோடு இல்லாமல் அனுப்ப வேண்டும். எங்கள் விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கியே கிடக்கும். ரேஷன் வாங்கக் கைரேகை வைத்தால் அந்த மெஷின் எங்களை மனிதர் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

காருக்குள்ளே போகிறவர் அக்கா. முதலாளிக்கு மட்டும் ‘ஏம்மா’, மற்ற எல்லோருக்கும் அக்கா. இருக்கைக்கு அடியில் தலையை விட்டு, தூசி உறிஞ்சும் மெஷினை இழுத்துக்கொண்டு, அடுத்தவர் கால் மண்ணையும் தலைமுடியையும் அப்புறப்படுத்துகிற வேலை. ரப்பர் கால்மிதிகளை உருவி வெளியே போட்டு உதறும்போது ஏதாவது விழும். பேனா, கம்மல், சாவி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். காசு என்றால் கொடுப்பதில்லை. இந்தத் தொழிலில் அது பழைய வழக்கம். கார்க்காரர்களுக்கும் தெரியும். குனிய அலுத்துக்கொள்கிறவன் காசு, குனிகிறவருக்கு. அதற்கு மிதிக்காசு என்று பெயர். அக்கா அதைத் தனக்கென்று முடிந்துகொண்டதில்லை. காலை வேலையின் நடுவில் நாங்கள் சாப்பிடும் டீயும் பன்னும் அதில்தான்.

ஜிகினா ஒரு காலத்தில் எங்களோடு குந்தி டயர் தேய்த்தவன். மதியத்தில் அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் பாதி அவனுக்குப் போகும். ஒருநாள் வேலைக்கு வராமல் நின்றுவிட்டான். பிறகு வந்தபோது தங்க நிறத்தில் ஒரு காரோடு வந்தான், நகைக்கடை ஒன்று கிளம்பி ஊரைச் சுற்றுவதுபோல. கழுத்தில் சங்கிலி, மணிக்கட்டில் சின்னத் தட்டு அளவுக்கு வாட்ச். வெள்ளை ஷூவில் ஒரு துளி சேறு பட்டால் போதும், நாங்கள் குடிக்க வாங்க யோசிக்கிற பாட்டில் தண்ணீரைத் திறந்து அதன்மேல் ஊற்றுவான். அவன் விற்பது பொட்டலம் பொட்டலமாகப் பொடி. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், சொல்லத்தான் யாருக்கும் தெரியாது.

கொட்டகைக்குப் பின் சந்தில், தகரக் கூரை போட்ட வாடகை அறையில் அவன் அம்மா இருந்தார். சுவரை மறைக்கிற அளவில் ஒரு டி.வி. வாங்கி மாட்டியிருந்தான். மழை பெய்தால் தண்ணீர் அதன் பின்பக்கமாக இறங்கித் தரைக்கு வரும். கூரையை மாற்றிக் கொடு என்று அந்த அம்மா கேட்டுப் பார்த்தார். கூரைக்குச் செலவழித்தால் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

அவன் எங்கள் ஆளாக இருந்தவன், வழக்கம் தெரிந்தவன். அதனால் கால்மிதியில் வேண்டுமென்றே நோட்டுகளைப் போட்டுவிட்டுப் போவான். கையில் கொடுத்தால் தர்மம், மிதியில் போட்டால் வழக்கம் என்று அவனுக்கு ஒரு கணக்கு. எங்கள் பன்னுக்கு வெண்ணெய் வந்தது. அக்கா அந்த வெண்ணெயைத் தொடவில்லை. அவருடைய சொந்தத் தம்பி, போர்டு எழுதுவதில் கைதேர்ந்தவனாக இருந்தவன், இப்போது பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான். அவன் வாங்குவது ஜிகினாவின் சரக்கு.

என் அப்பா நடைபாதையில் துண்டு விற்றவர். வந்தவர் எடுத்ததுமே சரக்கைப் புகழ்ந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறார் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஒரு சம்பள நாளில் முதலாளி, “நீங்க எல்லாம் என் குடும்பம் மாதிரி” என்று ஆரம்பித்தபோதே நான் கையில் வந்த நோட்டுகளை எண்ணினேன். கூலியில் கால்வாசியைக் குறைத்திருந்தார்.

காரணம் கேட்டது அக்காதான்.

“மிதியில என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் முதலாளி. “அவன் ஒருத்தன் போடறதே போதாதா?”

“அது அவன் போடறது முதலாளி. நீங்க போடறது எங்க?”

“என் கொட்டகையிலதானம்மா போடறான். குனிஞ்சா காசு கிடைக்குது. அப்புறம் எதுக்கு என்கிட்ட கையை நீட்டறீங்க?”

நாங்கள் முனகினோம். நுரை பம்பைக் காலால் உதைத்தான். ஆனால் அன்றும் மிதியில் காசு இருந்தது, அதனால் முனகலோடு நின்றுவிட்டோம். கூலி நிமிர்ந்து நின்று வாங்குகிற பொருள். அதில் ஒரு பங்கைக் குனிந்து பொறுக்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டோம் என்பது அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. முதலாளிக்கோ இரண்டு பக்கமும் லாபம். ஜிகினாவின் கார் இராத்திரிகளில் கொட்டகைக்கு உள்ளேயே நின்றது. அதற்கு அவர் தனியாக வாடகை வாங்கினார். காலையில் கதவைத் திறந்து, இன்ஜின் ஆறிக் கிடக்கும் அந்தக் காரை வெளியே தள்ளுகிறவர்கள் நாங்கள்.

அக்காவின் தம்பி அவருடைய குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டதற்கு மறுநாள் அது நடந்தது. அக்கா தங்க நிறக் காருக்குள் இருந்தார். மெஷின் சத்தம் நின்றது. வெகுநேரம் மறுபடி கேட்கவில்லை. எட்டிப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கக் கால்மிதி இரட்டையாகத் தைக்கப்பட்டிருந்தது. தையல் விட்ட வழியாக, துணி சோப்புக் கட்டி அளவில் ஒரு பொட்டலம் வெளியே வந்திருந்தது.

“வழக்கப்படி உங்களுக்குத்தான்க்கா” என்றான் நுரை. அவன் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

அதன் விலை அங்கே நின்ற எல்லோர் தலைக்குள்ளும் ஓடியது. சக்கரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். வியாபாரி வீட்டுப் பிள்ளை நான், எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தொகை தெரிந்துவிட்டது.

“வழக்கப்படி என்னோடதுதானே?” என்றார் அக்கா. “அப்ப நான் என்ன செஞ்சாலும் நீங்க கேக்கக் கூடாது.”

கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டுகிற பிளேடால் பொட்டலத்தைக் கீறினார். சாக்கடை வாயில் குந்தி உட்கார்ந்து கவிழ்த்தார். குழாயைத் திறக்கச் சொன்னார். நுரை ஒரு கணம் எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு திறந்தான். வெள்ளை சாம்பல் நிறமாகி, சோப்போடு சுழன்று, கம்பி வழியாக இறங்கிப் போயிற்று. காலி உறையை உதறிக் குப்பையில் போட்டுவிட்டு அக்கா மெஷினை மறுபடி ஓடவிட்டார். பின்சீட் பாக்கி இருந்தது.

மதியம் ஜிகினா வந்தான். நேரே மிதியைத் தூக்கிப் பார்த்தான். அடிப்பான், கத்தியை எடுப்பான் என்று நான் தண்ணீர் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தான். வெள்ளை ஷூவை அழுக்குத் தண்ணீர் சூழ்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

“அக்கா, அது என்னோடது இல்லக்கா.”

“தெரியும்டா. உன்னோடதுன்னு எது இருக்கு?”

அவனே சொன்னான். கார் தவணையில் வாங்கியது. வாட்ச் மேலே இருப்பவன் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. சங்கிலியில் பூச்சு மட்டும் தங்கம். நாலு பேர் கண்ணில் பட்டால்தான் புதுப் பையன்கள் தொழிலுக்கு வருவார்கள் என்று அவனை மினுக்கிவிட்டிருக்கிறார்கள். கடைக்காரன் ஜன்னலில் பொம்மைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி.

“எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. நான் என்ன சொல்றது?”

“என் தம்பிகிட்ட நான் கேக்கும்போது அவன் சொல்றதைச் சொல்லு.”

“அவர் என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்றதில்ல. நடுங்கறான்.”

அவன் அக்காவைத் தொடவில்லை. அந்தச் சாப்பாட்டு டப்பா நினைவுக்கு வந்ததோ என்னவோ. எழுந்து போகும்போது பழக்கதோஷத்தில் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் சரிந்த வேகம் எங்களுக்கே பயமாக இருந்தது. முதலில் வாட்ச் போயிற்று. தவணைக்காரர்கள் கொட்டகைக்கே வந்து, பாதி துடைத்த காரை என் கைத்துணியோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். சுவரிலிருந்து டி.வி. இறங்கியது. அது இருந்த இடத்தில் கூரைத் தண்ணீரின் தடம், வேர்போலக் கிளைத்து, சுவர் முழுக்கத் தெரிந்தது. கடைசியில் பேருந்து நிலையத்தில் போலீஸ் அவனைப் பிடித்தது. ஆள் நிற்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்ததே மேலே இருப்பவர்கள்தான் என்று பேச்சு. அவர்களுடைய கார் வேறு எங்கோ ஒரு கொட்டகையில் இன்றும் பளபளவென்று கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். அறையைக் காலி பண்ணும்படி அவன் அம்மாவிடம் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் மிதியில் மறுபடி சில்லறை மட்டுமே விழுந்தது. குறைத்த கூலி குறைந்த இடத்திலேயே நின்றது.

ஒரு சாயங்காலம் முதலாளி, அக்கா போன பிறகு, எங்கள் மூவரையும் கூப்பிட்டார். டீ வாங்கி வைத்திருந்தார். அந்தக் காரைப் பற்றி விசாரிக்கக் காலையில் போலீஸ் வருகிறது என்றார்.

“பொய் எதுவும் சொல்ல வேணாம். அந்தக் காருக்குள்ள போனது அந்தம்மா மட்டும்தான். மிதியில கிடைக்கறதை எடுத்துக்கறது அவங்க வழக்கம். ரெண்டும் உண்மைதானே? அதோட நிறுத்திக்கங்க. பழைய கூலியும் தரேன், மேல கொஞ்சமும் போட்டுத் தரேன்.”

நாங்கள் கேட்காமல் முதலாளி கூலியை ஏற்றியது சரித்திரத்தில் இல்லை. வாங்குகிறவன் தானாக விலையை ஏற்றினால், அந்தச் சரக்கு இல்லாமல் அவனுக்கு விடியாது என்று அர்த்தம். சரக்கு இங்கே அக்கா.

சக்கரம் எழுந்தான். முழங்கால் சத்தம் போட்டது.

“அந்தக் கார் ராத்திரியில எங்க நின்னுச்சு முதலாளி?”

“அது உனக்கு எதுக்கு?”

“அதுவும் உண்மைதானே. அதோட ஏன் நிறுத்தணும்?”

நுரை தன் பங்குக்குத் தொடங்கினான். “குழாயைப் பிடிச்சது நான். என் பேரும் வரணும்ல.”

முதலாளியின் குரல் மாறியது. “உங்க வேலைக்கு வாசல்ல ஆளு நிக்குதுடா.”

“நிக்கட்டும். அவங்ககிட்டயும் மொதல்ல ‘குடும்பம் மாதிரி’ன்னு சொல்லுங்க” என்றேன் நான். டீயைத் தொடாமல் வெளியே வந்தோம். கூலிக்கு மேல் ஒருவர் வாங்கித் தரும் டீயின் விலை இப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா வீட்டு வாசலில் போய் எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டு, கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நுரைக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருத்தரை விற்று வாங்கிய கூலியில் அரிசி வாங்கினால் வேகுமா என்று கேட்டான். பொட்டலம் இருந்த இடம், போன இடம், கார் தூங்கிய இடம், அதற்கு வாடகை வாங்கிய ஆள், நால்வரும் பார்த்த எல்லாவற்றையும் நால்வரும் ஒன்றாகச் சொல்வது என்று பேசிமுடித்தோம். குறைத்த கூலியைத் திருப்பிப் போடும்வரை பம்பைத் தொடுவதில்லை என்பதும் அதிலேயே சேர்ந்தது.

“இன்னொண்ணு” என்றார் அக்கா. “அந்த வழக்கத்தை வெச்சுத்தான் என்னை மாட்டறாங்க. அந்த வழக்கத்தை வெச்சுத்தான் கூலியையும் வெட்டினாங்க. இனிமே மிதியைக் கார்க்காரர் முன்னாடியே உதறணும். விழுந்தது அவரோடது. நமக்குக் கூலி போதும்.”

“பன்னுமாக்கா?” என்றான் நுரை.

“பன்னைக் கூலியில வாங்கித் தின்னுடா.”

மறுநாள் விடிந்தபோது எங்கள் கொட்டகையில் பம்பு சத்தம் கேட்கவில்லை. கைகள் காய்ந்திருந்தன. அதுவே ஏதோ போலிருந்தது. பழைய ரப்பர் மிதிகளை வாசலுக்குக் குறுக்கே வரிசையாக விரித்து அதில் உட்கார்ந்தோம். கழுவ வந்த கார்கள் ஹாரன் அடித்தன. முதலாளி உள்ளேயும் வெளியேயும் நடந்தார். பக்கத்துத் தெருக் கொட்டகையில் காருக்குள் பெருக்குகிற பெண்கள் இருவர் சேதி கேட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முதலாளியும் இதே கணக்கைப் போட ஆரம்பித்திருந்தாராம்.

அப்போது ஜிகினாவின் அம்மா வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அறை போய்விட்டது என்று சொல்லாமலே தெரிந்தது. அக்காவுக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

“நீ அதைக் கொட்டாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “உன் தம்பி எப்படி இருக்கான்?” என்றார்.

“அப்படியேதாம்மா. நடுங்கறான்.”

அந்த அம்மா கொட்டகையின் கதவைப் பார்த்தார். “அந்தக் காரை ராத்திரியில இங்க விட்டுட்டு, என் பிள்ளை சந்துக்குள்ள நடந்துதான் வருவான். கதவைத் திறந்துவிட்டது யாருன்னு எனக்குத் தெரியும். கேட்டா நானும் சொல்றேன்.”

தெரு முனையில் ஜீப் திரும்பியது. முதலாளி சட்டையைச் சரிசெய்துகொண்டு அதை நோக்கி எங்களுக்கு முன்னால் விரைந்தார். அக்கா தன் மிதியின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்திலிருந்த என்னையும் தள்ளி உட்காரச் சொன்னார். காலியான இடத்தில் படிந்திருந்த மண்ணை உள்ளங்கையால் தட்டிவிட்டார்.

“மூட்டையை இப்படிக் குடுங்கம்மா” என்றார். “உக்காருங்க.”