இறக்காத பாரம்

...மேலே பார்த்தால் புது டயர் மாதிரிதான் இருக்கிறது, ரப்பர் பட்டனெல்லாம் தேயாமல் அப்படியே நிற்கிறது, பக்கவாட்டில்தான் வெடிப்பு, குதிகால் வெடிப்பு போல மெல்லிசாக. டயர்கடைக்காரர் விரலை வைத்துக் காட்டும்வரை எனக்கு எப்படித் தெரியும், போன வாரம் பாலத்து இறக்கத்தில் பின் டயர் வெடித்தபோதுகூட ஆணி என்றுதான் நினைத்தேன், ஆணியாம் ஆணி... வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்க, பின்னால் என் வீட்டுக்காரர் கட்டிலோடு சேர்ந்து கதவுவரைக்கும் வழுக்கி வந்தாரே, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அப்போதும் மனுஷன், "மெதுவா ஓட்டுடி, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்கிறார். இந்தக் கிண்டலுக்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை. நாளைக்கு மலை இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும், அங்கே ஒன்று வெடித்தால்? போகாமல் இருந்துவிடலாமா? ஆசைப்பட்டால் இப்போதே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னாரே, அந்த ‘இப்போதே’வைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லையே.

"பின்னாடி என்னென்ன ஏத்தியிருக்கீங்கக்கா?" என்கிறார் கடைக்காரர். என்ன ஏற்றவில்லை என்று கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிக் கட்டில், மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின், அது நின்றுவிடக் கூடாதென்று பெரிய பேட்டரிகள், கரண்ட் போய் பேட்டரியும் போனால் என்று சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி, அவர், அவருடைய போர்வைகள். எல்லாம் பின் சக்கரத்தின் தலையில். நன்றாக இருந்த காலத்தில், ஊர் சுற்றி உள்ளேயே தங்கிக்கொள்ள இவரே கட்டிய கேம்பர் வேன் இது, முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க இடம் வேண்டுமென்று கனமானதையெல்லாம் பின்னால் தள்ளினார். இப்போது அந்தக் கனத்தோடு படுத்துக்கொண்டு வேன் கூரையை வேடிக்கை பார்க்கிறார். எனக்கு அழுகை வருகிறது, டயர்கடையில் நின்று எவளாவது அழுவாளா?

கடைக்காரர் இரண்டு டயரை உருட்டி வந்து மேஜையில் சாய்த்து வைக்கிறார். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், எதை எடுக்க? தப்பாக எடுத்தால் அது மலையில் அல்லவா தெரியும், யாரைக் கேட்பேன், இந்த மாதிரி விஷயமெல்லாம் நான் கேட்கிற ஒரே ஆள் உள்ளே படுத்திருக்கிறார்... "இந்தச் சரக்கு வண்டி டயரும் நல்லாத் தாங்கும்க்கா. ஆனா சரக்கு வண்டி காலைல ஏத்தும், சாயங்காலம் எறக்கிடும். உங்க வண்டி ஓடினாலும் பாரம், நின்னாலும் பாரம். இந்த இன்னொண்ணு அதுக்குன்னே செஞ்சது. நீங்க இதையெல்லாம் எப்ப எறக்குவீங்க?"

"போயிட்டு வந்ததும் மொத்தமா எறக்கிடுவேன், தம்பி."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. எதை இறக்குவேன்? மெஷினையா, சிலிண்டரையா, அவையெல்லாம் வேண்டாம் என்றால்... காற்றுக்காக வேனின் பக்கக் கதவைத் திறந்து வைத்தது நான்தான். உள்ளேயிருந்து இவர் குரல், "கட்டிலையும் சேர்த்தா?" கடைக்காரர் குனிந்து டயரைத் தட்டிப் பார்க்கிறார். "சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க" என்று அதட்டுகிறேன், அதட்டல் பாதியில் உடைகிறது. "எறக்கவே மாட்டேன் தம்பி, அந்த இன்னொண்ணையே போடுங்க, நாலு சக்கரத்துக்கும்."

ஜாக்கி வைக்கிறார்கள். அவரை இறக்க முடியாது, மெதுவாகத் தூக்குங்கள் என்று நான் கெஞ்ச, வேன் அவரோடு அங்குலம் அங்குலமாக மேலே போகிறது. ஜன்னலில் அவர் முகம், சிரிக்கிறார், நிஜமாகவே சிரிக்கிறாரா? மன்னிப்புக் கேட்கலாம், எதற்கென்று கேட்பேன், வாய் தவறிவிட்டது என்றா? வாய் தவறவில்லையே. இறக்கிடுவேன் என்று சொன்ன அந்த நொடியில், எத்தனையோ காலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மூச்சு முழுசாக வந்தது. இருட்டில்கூட அவர் மூச்சைக் கேட்டே அவருக்கு எப்படியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் நான். என் மூச்சும் அவருக்கு அப்படித்தானே கேட்கும்?