மூக்கு நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு

1
சத்தியமாக, இந்தக் கதை என் அக்காவின் மூக்கிலிருந்துதான் வந்தது. கிளினிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறாள், மூக்கின் மேல் வெந்நீர்த் துணி. எழுதச் சொன்னதும் அவள்தான். "சும்மா என்னையே பாத்துட்டு உக்காராதடி, பயமா இருக்கு. எதையாவது எழுது."

2
அழகாக இருக்க ஆசைப்பட்ட ஒருத்தி—

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் கடைசியில் புத்திமதி சொல்ல வேண்டிவரும். அக்கா உதைப்பாள்.)

மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள் அவள். இது இருக்கட்டும்.

3
நேற்று மூக்கை எடுப்பாக்க, தோலுக்கடியில் ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் நுனியில் வெள்ளையாக ஒரு திட்டு. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். இவள் கை தானாக ஃபவுண்டேஷனை எடுத்துத் திட்டின் மேல் பூசிவிட்டது. தொழில் புத்தி, வேறென்ன! கொஞ்ச நேரத்தில் ஊசி போட்ட டாக்டரே வீடியோ காலில் விசாரித்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார், பாவம். (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

காலையில் முகம் கழுவினாள். திட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் வலை பின்னியிருந்தது. அடித்துப் பிடித்து ஓடிவந்தோம்.

"ஜெல் ரத்தக்குழாயை அடைச்சிருக்கும்மா. ரொம்ப அபூர்வம். கரைக்கிற ஊசி போட்டிருக்கேன். ரத்தம் திரும்பினா தோல் பிழைக்கும். இல்லன்னா அந்த இடம் கறுத்துடும், தழும்பு நிக்கும்."

4
கண்ணை மூடினால் அந்த ஜெல் துளி தெரிகிறது. சிவப்புச் சந்து ஒன்றில் வழி தவறி நிற்கிறது. பின்னால் ரத்தம் பொறுமையாகக் காத்திருக்கிறது. நான் துளியின் கையைப் பிடித்து

(ஜெல்லுக்கு ஏது கை? போகட்டும், கனவுதானே.)

மெல்ல ஓரமாகக் கூட்டிப்போகிறேன். அது போகிற போக்கில் தண்ணீராகிறது.

5
இரண்டு முடிவுகள் எழுதி வாசித்துக் காட்டினேன். ஒன்றில் மூக்கு சிவந்து தேறிவிடுகிறது. இன்னொன்றில் அவள் தினமும் தன் தழும்புக்கே மேக்கப் போடுகிறாள்.

"மொதல்ல உள்ளது பொய் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. "ரெண்டாவது நல்லா வந்திருக்கு. அதான்டி பயமா இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. தாளைக் கிழித்தேன்.

6
டாக்டர் வந்து துணியை எடுத்தார். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடத்தில் உடனே சிவப்பு திரும்ப வேண்டுமாம். நீட்டிய கண்ணாடியை அக்கா தள்ளிவிட்டாள்.

"நீ அழுத்திப் பாரு. பாத்ததைச் சொல்லு. கதை விடாத."

அழுத்தியிருக்கிறேன். இப்போது விரலை எடுக்கப் போகிறேன். நான் எதைச் சொன்னாலும் நம்பமாட்டாள். நீங்கள் கொஞ்சம் குனிந்து பாருங்கள். என்ன நிறம் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.